குளிருக்கு இறங்கும் சாமி

தீபாவளி முடிந்த கையோடு கேதார்நாத்தில் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். 3,500 மீட்டருக்கும் மேலே இருக்கிற இடம்; அதன்பிறகு பனி மூடிவிடும், மனிதர் தங்க முடியாது. உற்சவமூர்த்தியைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, மலைப்பாதையில் சுமந்து இறக்கி, கீழே ஊக்கிமட் என்ற ஊரில் இருக்கும் ஓங்காரேசுவரர் கோயிலில் வைத்துப் பூசை செய்கிறார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் அங்கேதான் வாசம். மறுபடி மேலே போகிற நாளைச் சிவராத்திரியன்று ஊக்கிமட்டில்தான் குறிக்கிறார்கள். பத்ரிநாத்திலும் இந்த மாதிரியான வழக்கம் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கேதாரத்தின் தலைமைப் பூசகர் கர்நாடகத்து வீரசைவர், பத்ரியின் தலைமைப் பூசகர் கேரளத்து நம்பூதிரி. வெயில் தேசத்தில் பிறந்தவர்கள் பனித் தலங்களில் சாமிக்குத் தொண்டு செய்கிறார்கள்.

அந்தச் சிவனேதான் எங்கள் திருவண்ணாமலையில் நெருப்பாக நின்றார். அயனும் மாலும் அடிமுடி தேடித் தோற்ற அந்தத் தழலின் வெம்மையை உலகம் தாங்கவில்லை. தேவர்கள் வேண்டிக்கொள்ள, மலையாகக் குளிர்ந்தார் என்கிறது தலபுராணம். பஞ்சபூதத் தலங்களில் அக்கினித் தலம் இது. அக்கினித் தலம்தானே என்று யாரும் அவரைச் சும்மா விட்டுவிடுவதில்லை. கத்திரி வெயில் பிறந்ததும் லிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் கட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி தாராபிஷேகம் செய்கிறார்கள். நெருப்பே ஆனவருக்கும் வெயில் சுடுமே என்று பதறுகிற பக்தி எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆகவே, வயதான காலத்தில் வெயில் ஊரில் இருப்பதா, குளிர் ஊருக்குப் போவதா என்ற யோசனையை அற்பம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. "உடம்பு சுகத்துக்கு இத்தனை விசாரமா? இருக்கிற இடத்தில் அண்ணாமலையாரை நினைச்சுக்கிட்டு இரு" என்கிறாள் என் அக்கா. அவள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் என்னைவிட மூத்தவர். ஒரு சித்திரை மாதம், காலை பத்து மணிக்கே, காய்கறி வாங்கிவிட்டு வந்தவர் வாசற்படியில் சரிந்துவிட்டார். ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரை சிறுநீரை அதிகம் போக்கும் வகை. அதோடு வியர்வையிலும் உப்புப் போய், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிட்டது. இரண்டு நாள் ஆளை அடையாளம் தெரியாமல் பேசினார். வயதாக ஆகத் தாகம் எடுப்பதே குறைந்துபோகும், தாகத்தை நம்பாமல் நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள் என்றார் டாக்டர்.

கோத்தகிரியில் இருக்கும் என் கொழுந்தனார் அன்றைக்கே போன் செய்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து அங்கேயே தங்கிவிட்டவர். "அண்ணி, அண்ணனைக் கூட்டிக்கிட்டு மேலே வந்துடுங்க. கீழ் போர்ஷன் சும்மாதான் பூட்டிக் கிடக்கு. அந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நிரந்தரமா வந்துடுங்க." உயரம் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் இருநூறு மீட்டரைக்கூடத் தொடாது. அப்படியானால் பத்து டிகிரி லாபம். அந்தப் பத்து டிகிரி அவருடைய உயிராகவே இருக்கலாம்.

பொறுத்துக்கொள் என்று சொல்கிற மரபு நம்மிடம் வலுவாக இருக்கிறது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனிடம் சொல்வது அதுதான்: குளிரும் வெப்பமும் புலன்கள் பொருளைத் தொடுவதால் வருபவை, வந்து போகிறவை, பொறுத்துக்கொள். சமண முனிவர்கள் வெல்ல வேண்டிய இருபத்திரண்டு இன்னல்களில் குளிரும் வெப்பமும் தனித்தனியாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. குளிரில் தீ தேடக்கூடாது, புழுக்கத்தில் விசிறிக்கொள்ளவும் கூடாது. எங்கள் மாவட்டத்தில் போளூருக்குப் பக்கத்தில் திருமலை இருக்கிறது. பாறையில் நேமிநாதர் நெடிதுயர்ந்து நிற்கிற இடம். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனபோது கைபிடிச் சுவரைத் தொட முடியாத சூடு. அந்தப் பாறைகளில் துறவிகள் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் தலை வணங்குகிறேன்.

ஆனால் அந்தப் பொறுமை யாருக்கு யார் சொன்னது என்று பார்க்க வேண்டும். சமண முனிவர் தன் உடம்பைக் கொண்டு, தானே விரும்பி, தன் வினை தீர எடுத்துக்கொண்ட நோன்பு அது. பக்கத்து வீட்டுக் கிழவரை வெயிலில் நிறுத்தி வைக்கச் சொன்ன விதி அல்ல. கண்ணன் பேசியது போரில் நின்று கடமை செய்ய வேண்டிய ஒரு வீரனிடம். அதே கண்ணன் பதினேழாம் அத்தியாயத்தில், உடம்பைச் சித்திரவதை செய்கிற தவத்தை அசுரத்தனம் என்று கடுமையாகக் கண்டிக்கிறான். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். என் உடம்பு தாங்குமென்றால் நான் தாங்கலாம். சோடியம் இறங்கிய ஒரு மனிதரிடம் வெயிலும் குளிரும் மாயை என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

உடம்புக்கு எல்லை உண்டு. வியர்வை ஆவியாகும்வரைதான் நம் உடம்பு சூட்டை வெளியே தள்ள முடியும். காற்றில் ஈரம் நிறைந்து, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற திடகாத்திரமானவரும் சில மணி நேரத்துக்குமேல் தாங்க முடியாது என்கிறார்கள். அதற்காகக் குளிர் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. 2015-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று 13 நாடுகளில் 384 இடங்களில் நிகழ்ந்த 7.4 கோடி மரணங்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் குளிரோடு தொடர்புடையவை 7.3 சதவீதம் அளவில். வெப்பத்தோடு தொடர்புடையவை 0.4 சதவீதம் அளவில்தான். அதிலும் கொடும் பனியைவிட மிதமான குளிரே பெரும்பங்கு உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. மெல்லிய குளிர்தானே என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். இதயம் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. கொழுந்தனார் வீட்டில் மார்கழியில் நான் தங்கியிருக்கிறேன். துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. விடிகாலையில் தரையில் கால் வைத்தால் முழங்கால்வரை வலி ஏறும். அங்கே வயதானவர்கள் வெயில் வந்த திண்ணையைத் தேடித் தேடி உட்காருவதைப் பார்த்தேன். இங்கே நாங்கள் நிழலைத் தேடுகிறோம்.

தட்பவெப்பத்தை வைத்து மனிதர்களின் குணத்தையே அளந்தவர்களும் இருக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் மோந்தெஸ்கியே 1748-இல் வெளியிட்ட பெருநூலில், ஓர் ஆட்டின் நாக்கை உறைய வைத்துப் பார்த்து, குளிரில் அதன் நுண்முனைகள் சுருங்குவதிலிருந்து, குளிர்நாட்டார் வீரர், வெப்பநாட்டார் சோம்பலும் அச்சமும் உள்ளவர் என்று முடிவு கட்டினார். அவருக்கு வெகுகாலம் முன்பே அரிஸ்டாட்டில், குளிர்ப்பகுதியாருக்கு வீரம் உண்டு அறிவு குறைவு, ஆசியருக்கு அறிவு உண்டு வீரம் இல்லை, நடுவே இருக்கிற கிரேக்கருக்கு இரண்டும் உண்டு என்று எழுதி வைத்தார். இதில் எனக்குக் கோபமே வருகிறது. பங்குனி வெயிலில் மணிலாக்கொட்டை பறிக்கிற எங்கள் ஊர்ப் பெண்களின் நடுவே ஒரு பகல் நின்றிருந்தால் அந்த வரிகளை எழுத ஒருவருக்கும் கை வந்திருக்காது. ஊரின் வெப்பத்தை மனிதரின் தரமாக மாற்றுவது பாவம். குளிர் ஊருக்குப் போக நினைக்கிறவர் அந்தப் பாவத்தில் பங்கு வாங்காமல் போக வேண்டும்.

நம் சைவ மரபு இந்தக் கேள்வியை வேறு விதமாகத் தொட்டிருக்கிறது. பெரியபுராணத்தில் இரண்டு பேர் கயிலைக்குப் புறப்படுகிறார்கள். காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்கக் கூடாத இடம் என்று தலையால் நடந்து போகிறார். இறைவன் "அம்மையே" என்று அழைக்கிறான். அங்கேயே இரு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தென்னாட்டில் திருவாலங்காட்டுக்குப் போ, அங்கே என் ஆடலைப் பார் என்று திருப்பி அனுப்புகிறான். ஆலங்காடு சுடுகாடு, கள்ளியும் வாகையும் காய்ந்து நிற்கிற வெம்மையான காடு. அப்பர் பெருமான் தள்ளாத வயதில் வடக்கே நடக்கிறார். கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, உடம்பு முழுதும் சிதைந்தும் விடவில்லை. முனிவர் வடிவில் வந்து திரும்பிப் போகச் சொன்ன இறைவனுக்கும் அவர் இசையவில்லை. கடைசியில் ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்கிறான். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில். காவிரிக்கரையில், பிடியும் களிறும் சேவலும் பேடையுமாகக் கயிலைக் காட்சி கிடைக்கிறது. நீற்றறையில் ஏழு நாள் அடைத்தும் வேகாமல் வெளியே வந்தவர் அவர். சூடு அவரை ஒன்றும் செய்யாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆகையால் குளிருக்கு ஏங்கி அவர் கயிலைக்குப் போகவில்லை, வெப்பத்தைத் தாங்கும் சோதனைக்காக இறைவன் அவரைத் திருப்பவுமில்லை.

பின் ஏன் திருப்பினான்? இதைப் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். வயதான பிறகுதான் ஒரு பதில் தோன்றுகிறது. பனிமலையில் அவர்கள் பாடினால் கேட்க ஆளில்லை. கேட்பவரும் தண்ணீர் கேட்பவரும் பசித்து நிற்பவரும் கீழே இருக்கிறார்கள். சம்பந்தப் பெருமான் காளத்தியில் நின்றபடியே கேதாரத்தைப் பாடிவிட்டுத் திரும்பியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். அவருக்கு மேலே போய்ச் சேர வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஒரு தட்பவெப்பம் நம்மிடம் பொறுமையை மட்டும் கேட்பதில்லை, தனக்கென்று ஓர் அறத்தையும் கேட்கிறது. திங்களூரில் அப்பூதி அடிகள் முன்பின் பாராத அப்பரின் பெயரைத் தண்ணீர்ப் பந்தலுக்கு வைத்தார். வழிநடந்து களைத்து வந்த அப்பர் அந்தப் பந்தலின் குளிர்ச்சியில் நின்றுதான் தன் பெயரை அங்கே கண்டார். வெயில் இல்லாத நாட்டில் அந்தக் கதை பிறந்திருக்காது. பழனி மலைத் தலைவன் பேகனோ, மயில் குளிரில் நடுங்குகிறதென்று நினைத்துத் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். கடற்கரை மன்னனுக்கு அந்த எண்ணம் வந்திருக்குமா என்பது சந்தேகம். சமவெளியின் கொடை தண்ணீர். மலையின் கொடை போர்வை. எந்த ஊரில் வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும்போது எந்தக் கொடையை நாம் ஏற்கப்போகிறோம் என்பதையும் தேர்ந்தெடுக்கிறோம். பத்து டிகிரியை மட்டும் வாங்கிக்கொண்டு அந்த ஊரின் கடனை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

மலையின் கடன் பெரியது. 1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சலிவன் நீலகிரி ஏறினார். அவருக்குப் பின்னால் கீழேயிருந்து குளிரைத் தேடி ஏறுகிறவர்கள் நிற்கவே இல்லை. சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு உதகைக்கு ஏறிப்போனது. சரிவுகளில் சோலைக்காடும் புல்வெளியும் போய்த் தேயிலையும் யூகலிப்டஸும் வந்தன. பிறகு பங்களாக்கள், பிறகு ரிசார்ட்டுகள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லும் அளவுக்கு வண்டிகள் ஏறின. கீழே சுடுகிறது என்று நாமெல்லாம் மேலே ஏறினால், ஏறிய இடமும் சுடும். அங்கே தலைமுறையாக வாழ்கிற தோடருக்கும் கோத்தருக்கும் படுகருக்கும் தண்ணீரும் மண்ணும் குறையும். கொழுந்தனார் காலி மனை ஒன்றையும் காட்டினார். சரிவில் மண்ணை வெட்டித்தான் அதில் கட்ட முடியும். அதை வேண்டாமென்று அங்கேயே சொல்லிவிட்டேன். இருக்கிற வீட்டில் ஒரு பாய் விரிப்பது வேறு. மலையை வெட்டுவது வேறு.

கீழே இருப்பவர்களின் பக்கம் வருகிறேன். எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர், கரி நிரப்பிய பெட்டியைச் சித்திரை மத்தியானத்தில் பிடித்திருக்கிறார். கத்திரி வெயிலோடு அந்தக் கரியின் சூடும் அவருக்கு. பூ விற்கிற அம்மா, பூ வாடிவிடுமே என்று ஈரத்துணியைக் கூடைக்குத்தான் போடுகிறார், தன் தலைக்குப் போடுவதில்லை. இவர்களுக்கு எந்த ஊர் என்ற கேள்வியே கிடையாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. புயலையும் வெள்ளத்தையும்போல வெயிலும் கொல்லும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டது நல்ல காரியம். ஆனால் நிவாரணம் இறந்த பிறகு வருவது. வெயிலில் நிற்பவருக்கு முன்னால் வர வேண்டியது நிழலும் நீரும் நடுப்பகலில் ஓய்வும்.

போகவே கூடாதா என்றால், அதற்கு ரமண மகரிஷியின் வாழ்க்கையைப் பார்க்கிறேன். 1896 செப்டம்பரில் வந்தவர் 1950 ஏப்ரலில் உடலை விடும்வரை அண்ணாமலையை விட்டுப் போகவில்லை. கோவணம் ஒன்றே உடை. வெயில் பொறுத்தவர் என்று அவரைத்தான் அக்கா எனக்கு உதாரணம் காட்டுவாள். ஆனால் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், கோடை வந்து அங்கே வெக்கையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஏற்பட்டால், முலைப்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமரத்துக் குகைக்கு இறங்கிவிடுவார். பிறகு வாழ்ந்த கந்தாசிரமத்தில் ஊற்று இருந்தது, மரம் இருந்தது. குகையை மாற்றினார், மலையை மாற்றவில்லை. அவருக்கு உடம்பைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை என்று நாம் நம்பலாம்; அப்படியிருந்தும் தண்ணீர் இல்லாத குகையில் பிடிவாதமாக உட்கார்ந்து தன்னையும் தன்னோடு இருந்தவர்களையும் வாட்டவில்லை. துறவுக்குள் இவ்வளவு சாதாரணமான நல்லறிவு இருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நாங்களும் குகை மாற்றத் தொடங்கினோம். மாடி அறையைக் கோடையில் விட்டுவிட்டு, கீழே வடக்குப் பார்த்த அறைக்குக் கட்டில் வந்துவிட்டது. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மேற்குச் சுவருக்கு வெளியே கீற்றுப் பந்தல் போட்டோம். அறைக்குள் வெக்கை தணிந்தது கையால் தொட்டாலே தெரிந்தது. வாசலில் மண்பானை வைத்து, பங்குனி முதல் மோரும் தண்ணீரும் கொடுக்கிறோம். இதெல்லாம் எனக்குப் போதும். என் வீட்டுக்காரருக்குப் போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே வீட்டை வாடகைக்கு விடுவதில்லை, நிரந்தரமாகப் போவதுமில்லை. பங்குனி கடைசியில் அவரைக் கொழுந்தனார் வந்து அழைத்துப்போவார். ஆடி பிறக்கும்போது திரும்பக் கொண்டுவந்து விடுவார். மார்கழிக் குளிருக்கு அங்கே இருக்க வேண்டாம். "நீ வராம நான் எப்படிம்மா மேல இருப்பேன்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் மேலே எழுதிய எதுவும் எனக்குச் சுலபமாக வரவில்லை. பொறுப்பு என்று நான் சொல்வதில் அவரும் அடக்கம், முதலில் அவர்தான். ஆனால் சித்ரா பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு வருவார்கள். பகல் முழுக்கக் காய்ந்த தார்ச்சாலை இரவிலும் கொதிக்கும். கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்பார்கள். அந்த இரவுக்கு நான் இங்கே இருக்க வேண்டும். அது முடிந்ததும் மேலே போய் அவரோடு இருப்பேன் என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரிய பானையா இன்னொண்ணு வாங்கிக்கோ, போன வருஷமே பத்தலை" என்றார்.

நான் போன பிறகு, கத்திரியின் பிற்பகுதியில்தான் வெயில் உச்சம். அந்த நாள்களில் பானையை யார் நிரப்புவது என்பது இன்னும் தீரவில்லை. இஸ்திரிக்காரரின் மனைவி தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அவர்கள் வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. எங்கள் போர்வெல் மோட்டாரின் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். வடக்கு அறைச் சாவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை அவர் கணவர் அங்கே வந்து படுத்து எழுந்திருக்கலாம்.